காலைக் காப்பாற்றுவதா, எடுப்பதா? போர்க்காயத்தில் இரண்டு வழிகளும் அவற்றின் விலையும்

கண்ணிவெடியில் சிதைந்த காலின் எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்கியதும் எல்லோர் கண்ணும் நொறுங்கிய கீழ்க்கால் எலும்பில்தான் போய் நிற்கும். பத்துப் பன்னிரண்டு துண்டுகள், நடுவே இடைவெளி, அங்கங்கே உலோகச் சில்லுகள். பார்த்த மாத்திரத்தில் ‘இது தேறாது’ என்று தோன்றிவிடும். ஆனால் எலும்பைத் திரும்பக் கட்ட வழி இருக்கிறது, நாள்தான் பிடிக்கும். திரும்பக் கட்டவே முடியாத ஒன்று அந்தப் படத்தில் தெரிவதில்லை. அது குதிகாலின் அடிமெத்தை. நார்ச் சுவர்களுக்கு நடுவே கொழுப்பைச் சிறுசிறு அறைகளாக அடைத்து வைத்த அமைப்பு அது. உடலின் வேறெந்தப் பகுதியிலிருந்து தோலையும் தசையையும் கொண்டுவந்து ஒட்டினாலும் அதற்கு ஈடாகாது. ஒட்டிய தோல் வழுக்கும், உணர்ச்சி இல்லாமல் புண்ணாகும். ஆகவே அடிபட்ட காலைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். முதலில் குதிகால், அடுத்து கணுக்கால், பிறகு நரம்பும் ரத்தக்குழாயும் தசையும். எலும்பு கடைசியில்.

முழங்காலுக்குக் கீழே கடுமையாக அடிபட்ட படைவீரருக்கு முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: முதல் நாளிலேயே காலை எடுப்பது, காலைக் காப்பாற்றப் போராடுவது, கொஞ்ச காலம் காப்பாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு எடுப்பது. மூன்றாவதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் நிறைய. அது சரியல்ல என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

இந்தக் கேள்வியே எழாத காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் 2,471 தமனிக் காயங்களைத் தொகுத்து அமெரிக்க அறுவை மருத்துவர்கள் டிபேக்கியும் சிமியோனும் 1946இல் வெளியிட்டார்கள். அவற்றில் தைத்துச் சரிசெய்யப்பட்டவை வெறும் 81. தமனியைக் கட்டி முடிச்சிட்ட கைகால்களில் பாதிக்கு அருகில் எடுக்க வேண்டி வந்தது. கொரியப் போரில் தமனியைச் சரிசெய்வது வழக்கமானதும் அந்த விகிதம் 13 சதவீதத்துக்கு இறங்கியது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்கப் படையினருக்கு ஏற்பட்ட காயங்களில் பாதிக்கு மேல் கைகால்களில்தான். மார்பையும் வயிற்றையும் கவசம் காத்தது, ரத்தப்போக்கை இறுக்குப்பட்டை நிறுத்தியது. முன்பு களத்திலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் சிதைந்த காலோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். கேள்வி கடினமானது அப்போதுதான்.

முதல் ஆறு மணி நேரம்

இங்கே உயிருக்குத்தான் முதலிடம், காலுக்கு அடுத்த இடம். டூர்னிகெட் என்ற இறுக்குப்பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல் போட வேண்டும். ரத்தம் நிற்கும்வரை, பாதத்தில் நாடி மறையும்வரை முறுக்க வேண்டும். போட்ட நேரத்தைப் பட்டையிலேயே எழுத வேண்டும். பாக்தாதில் நடந்த ஆய்வு ஒன்றில், அதிர்ச்சி நிலைக்கு (ரத்த இழப்பால் உடலில் ரத்த ஓட்டம் சரிவது) போகும் முன்பே பட்டை போடப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சிக்குப் பின் போடப்பட்டவர்களில் பிழைத்தது 10 சதவீதம்தான்.

2 மணி நேரம் வரை பட்டையால் காலுக்குப் பெரிய கேடு வருவதில்லை. அதற்குள் அழுத்தக் கட்டுக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிட வேண்டும். 6 மணி நேரம் தாண்டிவிட்டால் களத்தில் பட்டையை அவிழ்க்கக் கூடாது. செத்த தசையில் தேங்கிய பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். உக்ரைன் போரில் டிரோன் தாக்குதலுக்கு நடுவே காயம்பட்டவர்களை வெளியே கொண்டுவரப் பல மணி நேரம் ஆகிறது. தேவையே இல்லாமல் போட்ட பட்டையும், போட்டபின் மறுபடி சோதிக்காமல் விட்ட பட்டையும் அங்கே காப்பாற்றியிருக்கக்கூடிய கால்களைப் பறித்திருக்கின்றன. 2 மணி நேரத்துக்குள் காயத்தைச் சோதித்து, முடிந்தால் அழுத்தக் கட்டுக்கு மாற்றும் பழக்கம் இந்த முடிவின் திசையையே மாற்றிவிடும்.

முதல் நாளிலேயே காலை எடுத்தாக வேண்டிய நிலை எது? தோலில் மட்டும் தொங்கும் கால். ரத்தம் ஏற்றியும் அதிர்ச்சி தீராத நிலையில், பல மணி நேர அறுவையைத் தாங்காத உடல். ரத்த ஓட்டம் 6 மணி நேரத்துக்கு மேல் நின்று தசை விறைத்துப்போன கால். இவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஓரிரு நாள் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்வோம்.

அப்படி எடுக்கும்போதும் ‘செயற்கைக்கால் பொருத்த இதுதான் சரியான உயரம்’ என்று முதல் நாளே கணக்குப் போட்டு மேலே வெட்டக் கூடாது. உயிருள்ள தசை எதுவரை இருக்கிறதோ அதுவரை விட்டு, தோலையும் தசையையும் கிடைத்த வடிவத்திலேயே வைத்து, காயத்தைத் தைக்காமல் திறந்துவிட வேண்டும். முதல் நாள் ஒழுங்கற்றுத் தெரியும் தோல் துண்டுதான் பத்தாவது நாள் முழங்காலைக் காப்பாற்றும் மூடுதோலாக மாறுகிறது.

மதிப்பெண்ணும் மரத்த பாதமும்

முடிவெடுக்கப் பலரும் சாய்வது சிதைந்த கைகாலின் நிலையை அளக்க 1990இல் வந்த மெஸ் என்ற மதிப்பெண் முறையின் மேல். எலும்பும் தசையும் சிதைந்த அளவு, ரத்த ஓட்டக் குறைவு, அதிர்ச்சி, வயது ஆகிய நான்குக்கும் புள்ளி கொடுத்து, ரத்த ஓட்டம் நின்று 6 மணி நேரம் தாண்டினால் அந்தப் புள்ளியை இரட்டிப்பாக்குவார்கள். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் காலை எடுக்கலாம் என்பது விதி. பின்னால் நடந்த லீப் என்ற பெரிய ஆய்வில் இது தேறவில்லை. மதிப்பெண் குறைவாக இருந்தால் கால் பிழைக்கும் என்பதை ஓரளவு நம்பலாம். அதிகமாக இருந்தால் கால் போய்விடும் என்பதை நம்ப முடியாது. அந்தக் கால் பிற்பாடு எவ்வளவு வேலை செய்யும் என்பதையோ இது சொல்லவே சொல்லாது. குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், அதை வைத்துக் காலை எடுக்காதீர்கள்.

இன்னொரு பழைய நம்பிக்கை, பாதத்தின் அடியில் உணர்ச்சி இல்லையென்றால் காலை எடுத்துவிட வேண்டும் என்பது. அடிபட்ட அன்று உணர்ச்சியே இல்லாமல் காப்பாற்றப்பட்ட கால்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 2 ஆண்டுக்குள் இயல்பான உணர்ச்சி திரும்பியதை அதே ஆய்வு காட்டியது. பெரும்பாலும் நரம்பு அறுந்திருக்காது. அடியின் வேகத்திலும் ரத்தக் குறைவிலும் மரத்துப் போயிருக்கும். நரம்பு அறுந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்தால் அது வேறு கதை.

காப்பாற்றும் வழி என்ன கேட்கிறது?

காலைக் காப்பாற்றுவது ஒரே அறுவையில் முடிகிற காரியமல்ல. ஓராண்டு, ஈராண்டு நீளும் தொடர் வேலை. அதன் முதல் படியிலேயே பாதி வெற்றி தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் படி, செத்த தசையை வெட்டி நீக்குவது.

தசையைச் சாமணத்தால் மெல்லக் கிள்ள வேண்டும். உயிருள்ள தசை சுருங்கும், மாட்டிறைச்சிச் சிவப்பில் இருக்கும், விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பும், வெட்டினால் சொட்டுச் சொட்டாக ரத்தம் விடும். செத்தது கருஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறத்திலோ களிபோல நைந்து, கிள்ளினாலும் அசையாமல் கிடக்கும். சிரமம் இரண்டுக்கும் நடுவில் இருப்பதில்தான். குண்டுவெடிப்பின் அழுத்த அலை போகும் வழியில் தசை இன்று உயிரோடிருந்து நாளை மறுநாள் சாகும். அதனால்தான் 24 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துத் திறந்து, கழுவி, மறுபடி வெட்ட வேண்டியிருக்கிறது. போர்க்காயத்தை முதல் நாளே தைத்து மூடக் கூடாது என்ற பாடம் ஒவ்வொரு போரிலும் மறக்கப்பட்டு, சீழோடு மறுபடி கற்கப்படுகிறது.

கழுவுவதற்கு உப்புநீர் போதும். பெரிய காயத்துக்கு 9 லிட்டர் வரை, அழுத்தமில்லாமல் ஊற்றி. திறந்த எலும்பு முறிவைக் கழுவும் முறைகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஃபுளோ ஆய்வு, சோப்புக் கரைசல் பயன்படுத்தியவர்களுக்கு மறு அறுவை அதிகமானதையும், பீய்ச்சும் அழுத்தம் கூட்டுவதால் பயனில்லை என்பதையும் காட்டியது. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி போக வேண்டும். செஃபசோலின் 2 கிராம் வழக்கமான முதல் தேர்வு. கூடவே டெட்டனஸ் தடுப்பு.

அடுத்து தசை அறை அழுத்தம். கீழ்க்காலில் இறுகிய உறைக்குள் நான்கு தசை அறைகள்; வீக்கத்தால் உள்ளே அழுத்தம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்று தசை சாகும். இருபுறமும் இரண்டு நீண்ட வெட்டுகளால் நான்கையும் திறக்க வேண்டும். தவறிப்போவது பெரும்பாலும் முன் அறையும் பின்புற ஆழ் அறையும். போர்முனையிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தபின் மறுபடி திறக்க வேண்டி வந்தவர்களில் தசை இழப்பும் இறப்பும் கூடுதலாக இருந்தது. பின்புற ஆழ் அறையைத் திறக்காமல் விட்டால் உயிர் பிழைத்தாலும் கால்விரல்கள் நகம்போல வளைந்து இறுகி, பாதம் உள்ளே திரும்பிப் போகும். அப்படிக் காப்பாற்றிய காலால் நடக்க முடியாது.

எலும்பை முதலில் வெளிச்சட்டத்தால், அதாவது தோலுக்கு வெளியே நின்று கம்பிகளால் எலும்பைப் பிடிக்கும் சட்டத்தால், நிறுத்துவார்கள். தோலில் இழப்பு இருந்தால் மூட வேண்டும். கீழ்க்காலின் மேல் மூன்றில் ஒரு பகுதிக்குக் கெண்டைத் தசையைத் திருப்பிப் போடலாம். நடுப் பகுதிக்கு அதற்கு அடியில் உள்ள சோலியஸ் தசை. கீழ்ப் பகுதிக்கு உடலின் வேறிடத்திலிருந்து ரத்தக்குழாயோடு எடுத்துவந்து நுண்ணோக்கியின் கீழ் இணைக்கும் மடல்தான் பெரும்பாலும் வழி. வெடியடி பட்ட இடத்துக்குள்ளேயே இருக்கும் சோலியஸை நம்பித் திருப்பினால் அதுவே செத்துப்போகலாம்.

எலும்பு இடைவெளிக்கு இரண்டு முறைகள் போட்டியில் இருக்கின்றன. ஒன்று இலிசரோவ். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட வீரர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே, சைபீரியாவின் குர்கானில் இலிசரோவ் என்ற சோவியத் மருத்துவர் உருவாக்கிய வளையச் சட்டம். நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, ஐந்து முதல் ஏழு நாள் விட்டு, நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் நகர்த்துவார்கள். ஒரே திருகலில் அல்ல, கால் மில்லிமீட்டராக நான்கு முறை. 6 சென்டிமீட்டர் இடைவெளியை நகர்ந்து கடக்க 60 நாள். புது எலும்பு இறுக அதைவிட அதிகம். மொத்தத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு மாதம் சட்டம் காலில் இருக்கும் என்று மனதைத் தயார்செய்துகொள்வது நல்லது. கம்பி நுழையும் இடங்களில் சீழ் அடிக்கடி வரும். நகர்ந்த எலும்பு எதிர்முனையைத் தொடும் இடம் பலருக்குத் தானாகச் சேராமல், எலும்புத் துகள் வைக்க வேண்டி வரும்.

மற்றது மாஸ்கலே முறை. இடைவெளியில் நுண்ணுயிர்க்கொல்லி கலந்த எலும்புச் சிமெண்டை வைத்து 6 முதல் 8 வாரம் விடுவார்கள். அதைச் சுற்றி உடல் ஒரு சவ்வை வளர்க்கும். பிறகு சவ்வைக் கிழிக்காமல் திறந்து, சிமெண்டை எடுத்து, இடுப்பெலும்பிலிருந்தோ தொடையெலும்பின் உட்குழியிலிருந்தோ எடுத்த எலும்புத் துகளை நிரப்புவார்கள். அன்றாடத் திருகல் இல்லை, சட்டமும் குறைவு. சீழ் முற்றிலும் அடங்காத காலில் நிரப்பிய துகள் முழுவதும் கரைந்து வீணாகும். எங்கள் கணிப்பு: சீழ் வந்துபோன காலுக்கும் கோணல் திருத்த வேண்டிய காலுக்கும் இலிசரோவ். சுத்தமான, நல்ல தசை மூடிய இடைவெளிக்கு மாஸ்கலே.

தொற்றுதான் இந்த வழியின் பெரிய எதிரி. ஈராக்கிலிருந்து வந்தவர்களிடம் பல மருந்துக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா இருந்தது. உக்ரைனிலிருந்து வருபவர்களிடம் மருந்தெதிர்ப்பு மிக்க கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. ஆப்கானிஸ்தானில் நடைரோந்தில் வெடியை மிதித்து, தொடையளவில் கால் போய், 20 யூனிட்டுக்கு மேல் ரத்தம் ஏற்றப்பட்டவர்களிடம் மண்ணோடு உள்ளே போன பூஞ்சை தசையைத் தின்றது. வெட்டி முடித்த காயம் அடுத்த முறை திறக்கும்போது மறுபடி கறுத்திருந்தால் பூஞ்சையைச் சந்தேகியுங்கள். திசுவை ஆய்வுக்கு அனுப்புங்கள். 0.025 சதவீத டாக்கின் கரைசலால் (நீர்த்த ஹைப்போகுளோரைட்) காயத்தைக் கழுவுவதை உடனே தொடங்குங்கள்.

புகைபிடிப்பதைப் பற்றி மென்மையாகப் பேசிப் பயனில்லை. கடுமையான கீழ்க்கால் முறிவுகளில் புகைபிடிப்பவர்களுக்கு எலும்புக்குள் சீழ் பிடிக்கும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். எலும்பு சேர்வதும் தாமதம். காப்பாற்றும் வழியைத் தேர்ந்தெடுக்கிறவர் சிகரெட்டை அன்றே விட வேண்டும். அவரால் விட முடியாதென்றால் அதையும் தராசில் வைத்தே பேச வேண்டும்.

இவ்வளவு பெரிய காரியங்களுக்கு நடுவே ஒரு சின்ன விஷயம் விட்டுப்போகிறது. பாதத்தை 90 பாகையில் நிறுத்தும் தாங்கி. அது இல்லாமல் ஆறு வாரம் கிடந்த பாதம் நுனி கீழே தொங்கியபடி இறுகிவிடும். எலும்பு சேர்ந்தபின் அதைச் சரிசெய்ய இன்னொரு அறுவை.

எடுக்கும் வழி என்ன கேட்கிறது?

‘எடுத்துவிட்டால் ஒரே அறுவையில் முடிந்துவிடும்’ என்று சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் 569 பேரைப் பின்தொடர்ந்த லீப் ஆய்வில், காலை எடுத்தவர்களில் 33.9 சதவீதம் பேர் 2 ஆண்டுக்குள் சிக்கல்களுக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். காப்பாற்றியவர்களில் அது 47.6 சதவீதம். வேறுபாடு உண்மை, ஆனால் எடுத்தவர்களுக்கும் மறு அறுவை வராமலில்லை.

போர்க்காயத்தில் மிச்சக்காலுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தசைக்குள் எலும்பு முளைப்பது. போரில் கால்கை இழந்தவர்களின் 213 மிச்ச உறுப்புகளைப் பார்த்த ஆய்வில் 63 சதவீதத்தில் இது இருந்தது. வெடியடி பட்ட இடத்துக்குள்ளேயே வெட்டும்போது வாய்ப்பு கூடுகிறது. நீளத்தைக் காக்க அங்கேதான் வெட்ட வேண்டியிருக்கிறது, ஆகவே இது தெரிந்தே ஏற்கும் விலை. பலருக்குத் தொந்தரவில்லை. சாக்கெட்டில் (மிச்சக்கால் நுழையும் செயற்கைக்காலின் மேல்கிண்ணம்) குத்தி, தோலைக் கிழித்தால்தான் வெட்டி எடுக்க வேண்டும். அதுவும் முளைத்தது முதிர்ந்து நின்றபின்.

இல்லாத காலில் வலி, காலை இழந்தவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு வருகிறது. கண்ணாடிப் பயிற்சி சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. 2007இல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் 22 பேரிடம் செய்த சிறு ஆய்வில், கண்ணாடியில் மறுகாலைப் பார்த்துப் பயிற்சி செய்தவர்கள் எல்லோருக்கும் வலி குறைந்தது. செலவில்லாதது, முதல் வாரத்திலேயே தொடங்கலாம். வெட்டிய நரம்பின் முனையில் வரும் முடிச்சு வேறு வலி. தொட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல இருக்கும். நரம்பைச் சும்மா இழுத்து வெட்டி விடாமல், அருகிலுள்ள சிறு தசை நரம்போடு இணைக்கும் மறு நரம்பிணைப்பு முறை இரண்டு வலிகளையும் குறைக்கிறது. திட்டமிட்டுக் காலை எடுப்பதாக இருந்தால் இதைச் செய்யத் தெரிந்தவர் அறுவைக் கூடத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

முழங்கால் மூட்டைக் காப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். முழங்காலுக்குக் கீழே எடுத்தவர் நடக்க வழக்கத்தைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதல் சக்தி செலவிடுகிறார் என்பது பழைய கணக்கு. இளம் வீரர்கள் நல்ல பயிற்சிக்குப் பின் அந்த இடைவெளியைப் பெரும்பாலும் கடந்துவிடுகிறார்கள். தொடையில் எடுத்தால் அது 60 சதவீதத்தையும் தாண்டும், பயிற்சி முழுவதும் ஈடுகட்டாது. இரண்டாம் உலகப் போரில் தொடையளவில் காலை இழந்தவர்களுக்குப் பல்லாண்டு கழித்து இதயநோயால் இறப்பு அதிகமாக இருந்ததும் பதிவாகியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே 12 முதல் 17 சென்டிமீட்டர் எலும்பு இருந்தால் செயற்கைக்கால் நன்றாக அமரும். அதைவிடக் குறைவாக இருந்தாலும் மூட்டை விட்டுக்கொடுப்பதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

சாக்கெட் ஒத்துவராதவர்களுக்கு எலும்புக்குள்ளேயே உலோகத் தண்டு பதித்துச் செயற்கைக்காலை நேரே மாட்டும் முறை 1990இல் சுவீடனில் தொடங்கியது. தண்டு வெளிவரும் தோல்வாய் என்றும் ஆறாத திறப்பு. அங்கே சீழ் பிடிப்பது சகஜம். குட்டையான தொடை மிச்சத்துக்கு இது பெரிய வரம், ஆனால் முதல் தேர்வல்ல.

பணக்கணக்கு பலர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. லீப் ஆய்வில் முதல் 2 ஆண்டுச் செலவு இரண்டு வழிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வாழ்நாள் செலவோ காப்பாற்றிய காலுக்குச் சுமார் 1,63,000 டாலர், எடுத்த காலுக்குச் சுமார் 5,09,000 டாலர். காரணம் செயற்கைக்கால் சில ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டிய பொருள். மிச்சக்கால் முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு சுருங்கிக்கொண்டே வரும். சாக்கெட்டை அதற்கேற்பத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இருபது வயதில் காலை இழந்தவருக்கு ஐம்பது ஆண்டுக்குச் சாக்கெட் செய்பவர் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல செயற்கைக்காலும் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வாழப்போகிறவருக்கு, விறைத்த கணுக்காலோடு ஆனாலும் சொந்தப் பாதம் கூடுதல் மதிப்புள்ளது.

இரண்டு ஆய்வுகள், இரண்டு விடைகள்

லீப் சொன்னது: 2 ஆண்டு முடிவில் இரண்டு குழுவுக்கும் செயல்திறனில் வேறுபாடில்லை. வேலைக்குத் திரும்பியவர்கள் இரண்டிலும் பாதியளவு. விளைவைத் தீர்மானித்தவை கல்வி, உற்ற துணை, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, புகைபிடித்தல் போன்றவை.

2013இல் வெளிவந்த மெட்டல்ஸ் ஆய்வு, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காலில் அடிபட்ட 324 படையினரைப் பார்த்தது. அங்கே காலை எடுத்தவர்களே முன்னால் நின்றார்கள். செயல்திறன் மேல், கடும் விளையாட்டுகளில் ஈடுபட்டவர்கள் அதிகம், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்காயம் குறைவு. இதைப் படித்துவிட்டு ‘படைவீரருக்குக் காலை எடுப்பதே மேல்’ என்று முடிவுகட்டியவர்கள் பலர்.

அவசரப்படக் கூடாது. யாருக்கு எந்த வழி என்று சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வு அல்ல இது. அதைவிட முக்கியம், அந்தக் காலத்தில் காலை எடுத்தவர்களுக்கு ஒழுங்கான மறுவாழ்வுத் திட்டம் இருந்தது: பயிற்சியாளர், ஓட்டக்கால், ஒரே நிலையில் உள்ள தோழர்கள், தெளிவான இலக்கு. காப்பாற்றியவர்களுக்கு அறுவைக்கு மேல் அறுவை நடந்ததே தவிர, அப்படி ஒரு திட்டம் இல்லை. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் உள்ள இன்ட்ரெபிட் ராணுவ மறுவாழ்வு மையத்தில் உருவான ஐடியோ என்ற கார்பன் நார்த் தாங்கி வந்தபின் இது தெளிவாகப் புரிந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு வளையம், கணுக்காலுக்குப் பின்னால் வில்போல வளைந்து சக்தியைத் தேக்கித் திருப்பித் தரும் தண்டுகள், கீழே உறுதியான பாதத்தட்டு, குதிகாலுக்கு மெத்தை. வலியுள்ள கணுக்கால் அசைய வேண்டியதில்லை, சுமையைத் தாங்கி ஏற்கிறது. இதோடு எட்டு வாரப் பயிற்சி. காலை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டு வந்த 50 பேரில் 41 பேர் எட்டு வார முடிவில் காலை வைத்துக்கொள்ளவே விரும்பினார்கள்.

ஆகவே மெட்டல்ஸ் அளந்ததில் ஒரு பங்கு அறுவையின் வேறுபாடல்ல, மறுவாழ்வின் வேறுபாடு. உங்கள் இடத்தில் எது கிடைக்கிறது என்று பார்த்தபின்தான் எந்த ஆய்வு உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும். இன்னொன்றும் மெட்டல்ஸில் இருக்கிறது. இரண்டு குழுவையும் சேர்த்து 38 சதவீதத்தினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. எந்த வழியைத் தேர்ந்தாலும் மனநல வைத்தியம் அதன் ஒரு பகுதி.

காத்திருந்து எடுப்பது

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் நடந்த உறுப்பு நீக்கங்களில் ஏறத்தாழ 15 சதவீதம், அடிபட்டு மூன்று மாதத்துக்குப் பிறகு நடந்தவை. குதிகால் எலும்பு வெடியில் நொறுங்கியவர்கள் இதில் அதிகம் வருகிறார்கள். வண்டிக்கு அடியில் வெடித்து, தரைத்தகடு மேலே எகிறிப் பாதத்தில் அடித்ததால் உடைந்த குதிகால்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை இறுதியில் எடுக்கப்பட்டதை பிரிட்டன் படை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

காத்திருப்பதில் உண்மையான லாபம் இருக்கிறது. முதல் நாள் மயக்கத்தில் இருந்தவர் மூன்றாம் வாரம் கண்விழித்துத் தானே பேசுகிறார். தன் முடிவு என்று நம்பி எடுத்த காலுக்கும், எழுந்து பார்த்தபோது இல்லாத காலுக்கும் மனதில் பெரிய தூரம். நட்டம், முடிவே எடுக்காமல் காலம் நீள்வதில்தான். இரண்டு ஆண்டு வலியும் வலிமாத்திரையும் சேர்ந்து நரம்பில் வலியைப் பதித்துவிட்டால், பிறகு காலை எடுத்தாலும் அது போகாது.

அதனால் வலிக்காகக் காலை எடுக்கும் முன் வலியின் ஊற்றைத் தேட வேண்டும். கணுக்கால் மூட்டில் மரப்பு ஊசி போட்டால் வலி முழுவதும் அடங்குகிறதா? அப்படியானால் மூட்டை இறுக்கிச் சேர்ப்பதோ தாங்கியோ போதலாம். ஊசிக்கும் அடங்காமல் கால் முழுவதும் எரிந்து, நிறம் மாறி, வியர்க்கிறதா? அந்த நரம்புவலி மிச்சக்காலிலும் தொடரும். சேராத எலும்பும் சீழுமா? அதற்கு எடுப்பது நல்ல பலன் தரும். எதுவானாலும் குறைந்தது எட்டு வாரம் தாங்கியோடு பயிற்சி, காலை எடுத்த ஒருவரோடும் காப்பாற்றிய ஒருவரோடும் நேரில் பேச்சு, இவை முடியாமல் தேதி குறிக்கக் கூடாது.

கை வேறு, இரண்டு காலும் வேறு

மேலே சொன்ன எதையும் கைக்கு அப்படியே பொருத்தாதீர்கள். செயற்கைக்கை எவ்வளவு நுட்பமானதானாலும் இயல்பான தொடு உணர்ச்சி தராது. கனமும் சூடும் தாங்காமல் கழற்றி வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். பெருவிரலும் அதற்கு எதிரே ஒரு விரலும், ஓரளவு உணர்ச்சியும் மிஞ்சினால் அந்தக் கை காப்பாற்றத் தகுந்தது. அதேபோல ஒரு கால் ஏற்கெனவே போய்விட்டால் மறுகாலுக்கான அளவுகோல் மாறிவிடும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற ஊன்றும் அளவுக்கு ஒரு பாதம் இருந்தாலே அது பெரிய உதவி.

ஒரு பக்கம் சாய்ந்து சொல்ல வேண்டுமானால்: குதிகால் மெத்தை நன்றாக இருந்து எலும்பு மட்டும் நொறுங்கியிருந்தால், இடைவெளி பெரிதானாலும் காப்பாற்றுங்கள். குதிகால் மெத்தை கிழிந்து, குதிகால் எலும்பு தூளாகி, உள்ளங்காலுக்கு உணர்ச்சி தரும் பின்புற நரம்பும் அறுந்திருந்தால், மேலே எலும்பு முழுதாக இருந்தாலும் முதல் சில வாரங்களுக்குள் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைப் பேசத் தொடங்குங்கள். நடுவில் உள்ளவர்களுக்கு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று மறு ஆய்வுத் தேதிகளை முதல் வாரமே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேதியிலும் கேட்க வேண்டியவை: கம்பில்லாமல் எவ்வளவு தூரம் நடக்கிறார், இரவில் வலியால் எழுகிறாரா, வலிமாத்திரை கூடுகிறதா குறைகிறதா, சீழ் நின்றதா, அடுத்த அறுவை எதைச் சாதிக்கப்போகிறது.

எடுப்பது என்று முடிவானால் அதன் பராமரிப்பு மறுநாளே தொடங்குகிறது. மிச்சக்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. வைத்தால் வலிக்கு இதமாகத்தான் இருக்கும், மூட்டு மடங்கியபடி இறுகிவிடும். முழங்காலை நேராக நீட்டித் தாங்கி போட்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை 20 முதல் 30 நிமிடம் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். தையல் ஆறியதும் கீழிருந்து மேலாக அழுத்தம் குறைந்துகொண்டே வரும் எட்டு வடிவக் கட்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் வீக்கம் வடிந்து, தோல் ஆறியிருந்தால் முதல் செயற்கைக்காலுக்கு அச்சு எடுக்கலாம். முழங்கால் மடங்கி இறுகியிருந்தால் அந்த அச்சே கோணலாக வரும்.